பேச்சு வைக்கலாமாம், ஆடக் கூடாதாம்: எம்.ஐ.ஏ.யின் ‘கலா’ அல்பத்துக்காக ஒரு சண்டை

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கட பீடத்துக் கலைவிழாவுக்கு நாங்கள் பதினொரு பேர் ஒரு ஆட்டத்துக்குப் பெயர் குடுத்தோம். ஏழு பெட்டையள், நாலு பொடியள், எட்டு நிமிசம். பாட்டு, எம்.ஐ.ஏ.யின் ‘கலா’ அல்பத்திலிருந்து ‘பேர்ட் ஃப்ளூ’வையும் ‘பாய்ஸ்’ஐயும் வெட்டி ஒட்டினது. ஒழுங்கமைப்புக் குழு ஒரு நிமிசம் கேட்டுவிட்டு நிப்பாட்டச் சொன்னது. பிறகு மூண்டு காரணம் வந்தது.

ஒண்டு: “இது செத்தவீட்டு மேளம் மாதிரிக் கிடக்கு.”

ரெண்டு: “பெம்பிளைப் பிள்ளையள் இப்பிடி ஆடுறது எங்கட பண்பாடு இல்லை.”

மூண்டு: “சனம் பட்ட பாட்டுக்கு இப்பிடிக் கூத்தடிக்கிறதோ? அவ எங்களுக்காகக் குரல் குடுத்தவ. வேணுமெண்டால் அவவைப் பற்றி ஒரு பேச்சு வையுங்கோவன், பதினைஞ்சு நிமிசம் தாறம்.”

பேச்சுக்குப் பதினைஞ்சு நிமிசம் இருக்கு, ஆட்டத்துக்கு எட்டு நிமிசம் இல்லை. ஆட்டப் பாட்டுப் போடுற ஒருத்தியைப் பற்றிப் பேசலாம், அவவின் பாட்டுக்கு ஆடத்தான் கூடாது. அந்தப் பேச்சை நாங்கள் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறோம், மூண்டு காரணத்துக்கும் ஒவ்வொண்டாக மறுமொழி சொல்லி.

அதுக்கு முதல் அல்பத்தைப் பற்றிக் கொஞ்சம்.

இதை எழுதுகிற நாலு பேரும் மன்னார்ப் பிள்ளையள். பேசாலை, வங்காலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டி. ‘கலா’ வெளிவந்தது 2007 ஓகஸ்டில். எங்களுக்கு அப்போது மூண்டு, நாலு வயசு. அடுத்த மாதத் தொடக்கத்தில் சிலாவத்துறைப் பக்கம் இராணுவ நடவடிக்கை, சனம் இடம்பெயர்ந்தது. அந்த நாளில் லண்டனில் வெளிவந்த ஒரு சீடி எங்கட வீடுகளுக்கு வர வழியே இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வருசம் கழித்து, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த நாட்களில், ஒரு மச்சாளின் போனில் யூடியூப் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986இல் அம்மாவோடு திரும்பவும் லண்டன் போனவ. முதல் அல்பம் ‘அருளர்’ (2005) அப்பாவின் பெயர். ரெண்டாவது ‘கலா’ அம்மாவின் பெயர். அப்பா இயக்கக்காரர், ஈரோஸை உருவாக்கியவர்களில் ஒருவர். அவரைப் பற்றி எல்லாரும் எழுதுவினம். லண்டனில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த அம்மாவைப் பற்றி ஆர் எழுதினது? மகள் எழுதினா. அதையும் ஆட்ட இசையில் எழுதினா.

இந்த அல்பம் இப்பிடி வந்ததுக்கு ஒரு விசாதான் காரணம். 2006இல் அமெரிக்காவுக்குப் போய் டிம்பலண்ட் என்கிற பெரிய தயாரிப்பாளரோடு வேலை செய்வதாகத்தான் திட்டம் இருந்தது. நீண்டகால விசா கிடைக்கவில்லை. அவ மூட்டையைக் கட்டிக்கொண்டு இந்தியா, டிரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா எண்டு போய், போன இடமெல்லாம் ஒலிப்பதிவு செய்தா. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்து ஸ்டூடியோவைக் குடுத்தார். இருபதுக்கு மேற்பட்ட மேளக்காரர் அங்கே வந்து அடித்தார்கள். சுவிட்ச் என்கிற ஆங்கிலேயத் தயாரிப்பாளர் அதையெல்லாம் கணினியில் ஏற்றி, கிளப்பில் நெஞ்சை இடிக்கிற பேஸ் போட்டார். விசா அலுவலகத்து வரிசையில் நிண்டு திரும்பி வந்த எங்கட அண்ணாமார், மாமாமாருக்கு இந்தக் கதை விளங்கும். ஆனால் திருப்பி அனுப்பினதை வைத்து ஒரு அல்பம் செய்யலாம் எண்டு எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இனி மூண்டு காரணத்துக்கு வருவோம்.

“செத்தவீட்டு மேளம்”

‘பேர்ட் ஃப்ளூ’வில் நீங்கள் கேட்கிறது உறுமி. ரெண்டு முகம் உள்ள மேளம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரச, மாடு முனகுகிற மாதிரி ஒரு சத்தம் எழும். மற்ற முகத்தில் அடி விழும். அதுக்கு மேல் சின்னப் பிள்ளைகளின் கூச்சல், கோழி கொக்கரிக்கிற சத்தம். பாட்டுக்குள் கலந்திருக்கிறது ‘ஜெயம்’ (2003) படத்தில் ஆர்.பி. பட்நாயக் இசையமைத்த திருவிழாப் பாட்டின் துண்டு. அதாவது, இது திருவிழாச் சத்தம். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா அடுப்படியிலிருந்து இதைக் கேட்டுவிட்டு, “எந்தக் கோயில்ல பிள்ளை திருவிழா?” எண்டுதான் கேட்டா. எழுபத்தெட்டு வயசு மனிசிக்குச் சரியாக விளங்கினது பட்டம் பெற்ற குழுவுக்கு விளங்கவில்லை.

சரி, செத்தவீட்டு மேளம் எண்டே வைத்துக்கொள்ளுவோம். அதில் என்ன குறை? சொல்லாமல் விட்ட சொல்லை நாங்களே சொல்லுகிறோம்: சாதி. பறை அடிக்கிற சனத்தைப் படலைக்கு வெளியில் நிற்பாட்டின சமூகம் எங்களது. தோல் மேளத்திலும் மேடைக்கு உரியது, தெருவுக்கு உரியது எண்டு பிரித்து வைத்திருக்கிறோம். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் கதிரை போடுவோம். பறைக்கும் தப்புக்கும் “நாட்டார் கலை” எண்டு வருசத்துக்கு ஒருக்கா ஐந்து நிமிசம் குடுப்போம், அதுவும் விருந்தினரை வாசலிலிருந்து கூட்டிவர. அந்த மேளத்தை முன்னுக்குக் கொண்டு வந்து, மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பின்னால் போட்ட அல்பம் ‘கலா’. ‘பேர்ட் ஃப்ளூ’வில் உறுமியை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை.

இந்த இடத்தில் எங்கட ஆளையும் விடமாட்டோம். உலகம் முழுக்க இந்த அல்பத்தை விமர்சித்த பத்திரிகைகள் எம்.ஐ.ஏ.யைப் பாராட்டின, சுவிட்சைப் பாராட்டின, சில பாட்டுக்களில் மட்டும் வேலை செய்த டிப்லோவுக்குத் தேவைக்கு அதிகமாகவே பெயர் குடுத்தன. ஒரு பெண் செய்த வேலைக்கு ஆம்பிளைத் தயாரிப்பாளருக்குப் பெயர் போகிறது எண்டு 2007இலேயே அவ கோபப்பட்டா. நியாயமான கோபம்தான். ஆனால் அதே கோபம் அந்த மேளக்காரருக்கும் இருக்கலாமே? ரசிகராகிய எங்களில் எத்தனை பேர் அவர்களைத் தனித்தனி மனிசராக நினைத்துப் பார்த்திருக்கிறோம்? சுவிட்சின் முழுப் பெயர் எங்களுக்குப் பாடம். உறுமி உரசினவரின் பெயர் தெரியாது. தேடவும் இல்லை. அந்த வெட்கம் எங்களுக்கும் உண்டு.

“எங்கட பண்பாடு இல்லை”

இந்தக் காரணம்தான் எங்களுக்குச் சிரிப்பை வரவைத்தது.

அல்பத்தில் ‘ஜிம்மி’ எண்டு ஒரு பாட்டு இருக்கிறது. 1982இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ ஹிந்திப் படத்துக்குப் பப்பி லஹிரி போட்ட பாட்டின் மறுவடிவம். பப்பி லஹிரியின் மெட்டே ‘ஒட்டாவன்’ எண்ட பிரெஞ்சு டிஸ்கோ சோடி 1980இல் பாடின பாட்டை அடியொற்றியது. பாரிசில் தொடங்கி, பம்பாய்க்கு வந்து, தமிழில் அந்தப் படம் ‘பாடும் வானம்பாடி’ ஆகி, ஆனந்தபாபு ஆட எங்கட ஊர்களுக்கும் வந்தது டிஸ்கோ. சின்னப் பிள்ளையாக வீட்டுக் கொண்டாட்டங்களில் இந்த ‘ஜிம்மி’ப் பாட்டுக்கு ஆடினவதான் எம்.ஐ.ஏ. எண்பதுகளில் ஒரு தமிழ்ப் பெட்டை டிஸ்கோவுக்கு ஆடியிருக்கிறா, சொந்தக்காரர் சுத்திவர நிண்டு கை தட்டியிருக்கினம். அது ஆரின் பண்பாடு?

எங்களுக்குப் பிடித்த பாட்டும் இதுதான். விமர்சகர் பலருக்கு இது மலிவான பாட்டு, அல்பத்தின் பலவீனம். வயலின் இழுவை, மினுக்குச் சட்டை, காதல் கெஞ்சல், எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் கெஞ்சலுக்குள் அவ இனப்படுகொலை நடந்த நாடுகளின் பெயர்களைப் போடுகிறா. அவலத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிற வெளிநாட்டுக்காரன் காதலியையும் கூட வரச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி ஒரு நக்கல். சனல் கமராக்களும் என்.ஜி.ஓ. வாகனங்களும் வந்து போகிறதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த நக்கல் எங்கே குத்துகிறது எண்டு விளக்கத் தேவையில்லை.

முதல் பாட்டு ‘பம்பூ பங்கா’வுக்குள் ‘தளபதி’ (1991) படத்தின் ‘காட்டுக்குயிலு’ ஒளிந்திருக்கிறது. இளையராஜாவின் பொங்கல் ஆட்டம். ரஜினியும் மம்மூட்டியும் தோளில் கை போட்டு ஆடினால் அது பண்பாடு, வீட்டில் எல்லாரும் இருந்து பார்ப்பினம். அந்தப் பாட்டின் துண்டுக்கு ஏழு பெட்டையள் ஆடினால் பண்பாடு கெட்டுப்போகும்!

மன்னாரிலிருந்து கொண்டு “எங்கட பண்பாடு” எண்டு ஒருத்தர் கோடு கீறினால் எங்களுக்குப் பொறுக்குதில்லை. எங்கட ஊரில் எல்லாம் கடலால் வந்தது. பள்ளிமுனையில் நிற்கிற பெருக்க மரம் ஆபிரிக்காவின் மரம், அராபிய வியாபாரிகள் கொண்டு வந்து நட்டது எண்டுதான் சொல்லுவினம். கோட்டையைப் போர்த்துக்கேயன் 1560இல் கட்டினான், பிறகு ஒல்லாந்தன் பிடித்தான். கலியாணவீட்டுச் சாப்பாடு முடிய மாமாமார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுகிற பைலாவின் வேரும் போர்த்துக்கேயத்தில்தான் இருக்கிறது. ‘சுராங்கனி’ பாடின ஏ.ஈ. மனோகரன் தமிழன். 2018இல் அவர் செத்தபோது இதே பெரிய ஆக்கள்தான் “எங்கட பொப் இசைச் சக்கரவர்த்தி” எண்டு அஞ்சலி எழுதினவை. மாமா ஆடினால் பைலா, மருமகள் ஆடினால் பண்பாட்டுச் சீரழிவு. உண்மையான பிரச்சினை எது எண்டு இப்ப விளங்குகிறதா? பாட்டு எந்த நாட்டிலிருந்து வந்தது எண்டதில் இவர்களுக்கு ஒரு அக்கறையும் இல்லை. ஆடுகிற உடம்பு ஆருடையது எண்டதுதான் கேள்வி.

இன்னும் ஒரு பாட்டு. ‘ஹஸல்’. அது தொடங்குகிறதே மீனவரின் குரலில். கேரளக் கரையில் படகை இழுக்கிற ஆக்கள் சேர்ந்து குரல் குடுக்கிறதை அவ பதிந்து வந்து, அந்தக் குரலுக்கு மேல்தான் பீட் போட்டிருக்கிறா. எங்களில் பேசாலைக்காரன் இதை முதன்முதல் கேட்டபோது காதிலிருந்து இயர்போனைக் கழட்டிவிட்டான், வெளியில் ஆரோ வலை இழுக்கினம் எண்டு நினைத்து. கரைவலை இழுக்கிறபோது எங்கட ஆக்கள் பாடுகிற அம்பாப் பாட்டும் இதே மாதிரித்தான். ஒருத்தர் வரியை எடுப்பார், மற்ற எல்லாரும் “ஏலேலோ” எண்டு பிடிப்பினம், பிடிக்கிற நேரத்தில் கயிறு ஒரு முழம் வரும். கிளப்பில் டிஜே ஒரு சொல்லைச் சொல்ல, கூட்டம் திருப்பிக் கத்த, பேஸ் விழுகிறதே, அது வேறு என்ன? உடம்புகள் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்ய வைக்கிற பாட்டு. இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டித்தான் கரைவலை இழுக்கினம். இயந்திரத்துக்கு அம்பா தேவையில்லை. அம்பா தெரிந்த கிழவர்கள் ஒவ்வொருத்தராகப் போகினம். பண்பாட்டைக் காப்பாற்ற ஆசை உள்ள குழு அங்கே போய் மைக் நீட்டலாமே.

“சனம் பட்ட பாட்டுக்கு…”

இந்தக் காரணத்தைப் பார்த்து நாங்கள் சிரிக்கமாட்டோம். எங்கட வீடுகளில் படம் மட்டும் மிஞ்சின ஆக்கள் இருக்கினம். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியை விட்டு ஒரே நாளில் இறங்கின குடும்பத்துப் பிள்ளை இதை எழுதுகிற நாலு பேரில் ஒருத்தி. 2013இல் திருக்கேதீஸ்வரத்துப் பக்கமும், 2018இல் மன்னார் நகரிலும் புதைகுழிகள் கிண்டுப்பட்டபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையள். எங்கட வீடொண்டில் வருசக்கணக்காக ரேடியோவே போடவில்லை.

‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் வருகிற வெடிச் சத்தமும் எங்களுக்கு லேசான விசயம் இல்லை. குடியேறி வந்தவனைக் கள்ளனாகவே பார்க்கிற கண்ணை நக்கலடிக்கிற பாட்டு அது. துவக்குச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் அந்த நக்கலின் பகுதி. அமெரிக்காவில் எம்.டி.வி. அந்தச் சத்தத்தை மாற்றிப் போட்டபோது அவ கோபப்பட்டது சரி. ஆனால் எங்கட சித்தி ஒருத்தி அந்த இடம் வந்ததும் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனா. அவவிடம் போய் “இது நக்கல் சித்தி” எண்டு விளக்க எங்களுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எட்டு நிமிசத்துக்குள் அந்தப் பாட்டை நாங்கள் சேர்க்கவில்லை. குழு எங்களிடம் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்போம்.

ஆனால் துக்கம் இருக்கிற சனம் ஆடக் கூடாது எண்டு ஆர் சொன்னது? எங்கட மன்னார்க் கூத்தைப் பாருங்கோ. மாதோட்டப் பாங்கோ யாழ்ப்பாணப் பாங்கோ, வேதசாட்சி சாகப் போகிற இடத்திலும் பாட்டு நிற்காது. தாய் ஒப்பாரியைத் தாளத்தோடுதான் வைப்பா. விடிய விடிய இருந்து அழுதுகொண்டு பார்க்கிற சனம், விடிஞ்சதும் அண்ணாவியாரின் தாளத்தைத்தான் மெச்சிக்கொண்டு வீட்டை போகும். செத்தவீட்டில் மேளம் அடிக்கிறதே எதுக்கு? அழுகை தனியப் போகாமல் இருக்கத்தான். துக்கத்தையும் ஆட்டத்தையும் வெட்டிப் பிரித்து, துக்கத்துக்கு மைக்கும் ஆட்டத்துக்குத் தடையும் போட்டது பிறகு வந்த மேடைகள்தான்.

எம்.ஐ.ஏ.யை இவர்கள் எப்படிப் பாவித்தார்கள் எண்டதையும் சொல்ல வேண்டும். 2009 பெப்ரவரியில் கிராமி மேடையில் நிறைமாத வயிற்றோடு அவ ஆடினா. ‘பேப்பர் பிளேன்ஸ்’ அந்த வருசத்தின் சிறந்த பதிவுக்கான விருதுப் பட்டியலில் இருந்தது. அந்த நேரம் வன்னியில் நடந்ததைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் கதைத்தா. தெற்கில் அவவைப் பயங்கரவாதியின் ஆள் எண்டார்கள். எங்கட பக்கத்தில் தமிழரின் குரல் எண்டு தூக்கினார்கள். ரெண்டு பகுதியும் பேட்டிகளைத்தான் கேட்டது. அல்பத்தை முழுக்கக் கேட்டவர் ரெண்டு பக்கத்திலும் குறைவு. அதனால்தான் 2020இல் தடுப்பூசியைப் பற்றி அவ ஏறுக்குமாறாக எழுதினபோது, தூக்கினவையே தொப்பெண்டு கீழே போட்டினம். நாங்கள் அந்தக் கதைகளை நம்பவில்லை, வெட்கப்பட்டோம். ஆனால் கொடியாகத் தூக்காததால் எங்களுக்கு இறக்கவும் தேவை வரவில்லை. பாட்டு அப்படியே இருக்கிறது.

பாட்டிலும் குறை இருக்கு, சொல்லுகிறோம். கடைசிப் பாட்டு ‘கம் அரவுண்ட்’, டிம்பலண்டோடு செய்தது, அல்பத்தோடு ஒட்டவே இல்லை. கிடைக்காத விசா பிந்திக் கிடைத்த மாதிரி ஒரு பாட்டு. ‘தி டேர்ன்’ இழுபடுகிறது. இங்கிலிஷ் வரிகள் சில இடத்தில் கோஷமாகத் தேய்ந்து போகின்றன. ஆனால் ‘பாய்ஸ்’ ஒண்டு போதும். உறுமி அடியும் டிரினிடாட் சோகா வேகமும் ஒண்டில் ஒண்டு ஏறி நிற்க, சண்டையைத் தொடங்குகிற பொடியள் எத்தனை பேர் எண்டு ஒரு பெட்டை சிரிச்சுக்கொண்டு கணக்குக் கேட்கிறா. அந்தக் கணக்குக்கு எங்கட ஊரில் ஒரு மேடையிலும் இன்னும் பதில் வரவில்லை. கேட்கிறது பேச்சாக இருந்தால் பொடியள் எழும்பிச் சண்டைக்கு வந்திருப்பினம். ஆட்டமாக இருக்கிறதால் அவையும் சேர்ந்து ஆடுகினம், ஆடிக்கொண்டு கேள்வியையும் கேட்கினம். பதினைஞ்சு நிமிசப் பேச்சால் இதைச் செய்ய முடியுமா எண்டு குழு யோசிக்கட்டும்.

கடைசியாக ஒண்டு. ‘பேர்ட் ஃப்ளூ’வின் வீடியோ எடுக்கப்பட்டது ராமேஸ்வரப் பக்கத்தில். எங்கட தலைமன்னாருக்கு எதிர்க்கரை. இடையில் கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர் கடல். எண்பத்துமூண்டுக்குப் பிறகும் தொண்ணூறிலும் எங்கட சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த கடல். 2022இல், எரிபொருளும் பால்மாவும் இல்லாத மாதங்களில், திரும்பவும் கடந்த கடல். அந்தக் கரையில் பிள்ளைகள் அந்த மேளத்துக்குக் குதிக்கிறார்கள். இந்தக் கரையில் நாங்கள் அனுமதிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கலைவிழா முடிந்த கிழமை நாங்கள் ஊருக்கு வந்தோம். பதினொரு பேரில் எட்டுப் பேர். வங்காலைக் கடற்கரையில் பின்னேரம் ஒரு புளூடூத் ஸ்பீக்கரை வள்ளத்தின் மேல் வைத்து அந்த எட்டு நிமிசத்தையும் ஆடினோம். சோளகக் காத்துக்குப் பாதிச் சத்தம் பறந்துபோனது, மணலில் கால் புதைந்து ரெண்டு இடத்தில் பிழைத்தது. வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருத்தர் முடியும் வரை பார்த்திருந்துவிட்டு, “அந்த நடு இடத்தில கால் பிந்துது பிள்ளையள், மேளத்தைக் கேட்டு வையுங்கோ” எண்டார். எங்களுக்கு இதுவரை கிடைத்த ஒரே உருப்படியான விமர்சனம் அதுதான்.

காலைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். அடுத்த வருசமும் பெயர் குடுப்போம், அதே எட்டு நிமிசத்துக்கு. குழுவில் அடுத்த வருசம் இருக்கப் போகிற நண்பர்களே, அதுக்கு முதல் ஒருக்காவாவது அல்பத்தை முழுக்கக் கேளுங்கோ. போனில் கேட்காதேங்கோ, பேஸ் வராது. நல்ல ஸ்பீக்கர் ஒண்டு தேடிப் பிடித்து, கதிரையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேளுங்கோ.